அகழி பார்க்கிற மனுசன்

என் மனுசனுக்கு அகழிப் பைத்தியம் பிடித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் பெற்றோல் ஸ்டேசன், இரவு ஷிப்ட், பகல் நித்திரை, இவற்றை விட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. சீனி வருத்தத்துக்கு நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் நடக்கப் போனால் பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம் மறித்துக் கதைக்கும், நடை நடக்காது. அதனால் பஸ் எடுத்து ஹரோ பக்கம் போய், அங்கே பூங்காவுக்குள் இருக்கிற ஒரு பழைய வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அந்த வீட்டுக்கு நாலு பக்கமும் தண்ணீர். முதல் நாள் போய்விட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்டறியாத அகழி, முதலில் சப்பாத்தைக் கழற்றுங்கோ என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இங்கிலாந்து முழுக்க இப்படிச் சதுரம் சதுரமாகப் பள்ளங்கள் கிடக்கின்றனவாம். அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன் கொஞ்சம் காணி பூமி உள்ள ஆட்கள் வீட்டைச் சுற்றி ஆழமாக வெட்டித் தண்ணீர் விட்டு, நடுவில் குடியிருந்தார்களாம். வீடுகள் முக்கால்வாசி போய்விட்டன. பள்ளம் மட்டும் வயலுக்கு நடுவில் அப்படியே கிடக்கிறது. நடைபாதைகள் குறித்த பெரிய வரைபடங்களை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்துவிடுவார். அதில் அகழியைக் குறிக்கப் பழங்காலத்து எழுத்தில் சின்னதாக மோட் என்று போட்டிருக்கும், பக்கத்தில் ஒரு சதுரம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுவார். சோற்றுக் கோப்பையை வைக்க மேசையில் இடம் இராது.

ஒரு சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போன என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். ஒரு மணித்தியாலம் கார் ஓடி, மாடு மேய்கிற வயலுக்குள் இறங்கி, காஞ்சோண்டிச் செடி கணுக்காலில் பட்டுத் தடித்து, கடைசியில் போய் நின்ற இடத்தில் என்ன இருந்தது? பச்சைப் பாசி மூடின ஒரு வாய்க்கால். அதன் நடுவில் புல்லு மேடு. ஒரு கறுப்புத் தண்ணிக்கோழி எங்களைக் கண்டு ஓடியது. இதைப் பார்க்கவா விடியக் காலமை எழும்பி இடியப்பம் அவித்தேன் என்று கேட்டேன். மனுசன் அசையவில்லை. இந்தப் பக்கம் குசினி இருந்திருக்கும், அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டில் இருந்திருக்கும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறார். உள்ளே போக ஒரு இடத்தில் மண்ணை வெட்டாமல் விட்டிருந்தார்கள், ஒரு வண்டில் போகிற அகலத்துக்கு. அதால்தான் அந்தக் காலத்து ஆட்களும் போய் வந்திருப்பார்களாம். அதில் நடக்கும்போது அவர் குரலைத் தணித்துக் கதைத்தார், யாரோ வீட்டுக்குள் நித்திரை கொள்கிற மாதிரி.

எதற்காக வெட்டினார்கள் என்று கேட்டேன். சண்டைக்கு இல்லையாம். ஒரு பலகையைப் போட்டால் எந்தக் கள்ளனும் தாண்டி வந்துவிடுவான். மீன் வளர்க்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், அதெல்லாம் உண்டு. ஆனால் முக்கால்வாசிப் பேர் வெட்டியது பக்கத்துக் காணிக்காரன் பார்த்துப் பெருமூச்சு விடத்தானாம். அப்படியென்றால் இவர்களும் எங்கடை ஆட்கள்தான் என்றேன். மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம்!

அதற்குப் பிறகு நானாகவே பிளாஸ்க்கும் தட்டை வடையும் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். எனக்கு அகழியில் ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வேண்டியது அவருடைய கதை. இரவு ஷிப்ட் செய்த காலம் முழுக்க அவரும் நானும் படியில் சந்தித்து, சாவியைக் கொடுத்து வாங்கிய ஆட்கள். அகழிக் கரையில் அந்த மனுசன் வாய் திறந்தார். வயல்வேலிகளைத் தாண்ட மரப்படி வைத்திருப்பார்கள், அதில் நான் ஏறும்போது மறக்காமல் கை தருவார். கலியாணம் கட்டிய புதிதில்கூட இந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. அதை முகத்துக்கு நேரே சொன்னேன், அந்தக் காலத்தில் ஊரில் கிளுவை வேலி, அதில் விட்ட பொட்டு ஓட்டைக்குள்ளால் குனிந்து போனாய், கை எதற்கு என்றார்.

வேலி என்ற சொல் வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தோம். வேலிச் சண்டையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஊரில் அம்மாவின் காணியை நடுவில் பிரித்து, மேற்குப் பாதியை எனக்குச் சீதனமாகவும் கிழக்குப் பாதியை அண்ணைக்கும் எழுதினார்கள். எனக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு அண்ணைதான். போர்க்காலத்தில் ஊரே எழும்பிப் போனது, காணி இராணுவத்தின் கையில் போனது. திரும்ப விட்டபோது வீடும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது, வேலி எதில் நின்றது என்று சொல்ல ஒரு பனைகூட மிச்சமில்லை. அண்ணை முதலில் போய் சீமெந்துத் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்துவிட்டு வந்தார். பிறகு இவர் போய்ப் பார்த்துவிட்டு, கம்பி எங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். முழங்கையைக் காட்டினார். நீதான் நகர்த்தினாய் என்று இவர் சொல்ல, இல்லை, நட்ட தூணை ஆள் வைத்து நகர்த்தப் பார்த்தது நீதான் என்று அண்ணை சொல்ல, அன்றைக்கு முறிந்த கதை, பிறகு ஒட்டவேயில்லை. அண்ணை அப்டன் பார்க்கில், நாங்கள் ரெய்னர்ஸ் லேனில். இரண்டு பேரில் ஒருவரும் அந்தக் காணியில் போய் இருக்கப் போவதில்லை. காணி என்னுடையது. சண்டை மட்டும் அவர்களுடையது. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் வீட்டில் இல்லாத நேரம் அண்ணையோடு போனில் கதைப்பேன், சுகம் விசாரிப்பேன், வேலியைத் தொடமாட்டேன்.

இப்படியே போயிருக்கும், மகளுக்குக் கலியாணம் சரி வந்திராவிட்டால். ஆவணியில் முகூர்த்தம், வெம்பிளியில் மண்டபம் எடுத்தாயிற்று. எங்கள் ஆட்களுக்குள் நெருங்கின சொந்தத்துக்குக் கலியாணம் சொல்வதென்றால் தட்டத்தோடு வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். போனில் சொன்னால் அது சொன்னதாகாது. தபாலில் அட்டை போனால் அது வராதே என்று சொன்ன மாதிரி. இவர் அண்ணையின் வீட்டுப் படி மிதிக்கமாட்டார். சொல்லாத கலியாணத்துக்கு அண்ணை வரமாட்டார். கலியாணத்தன்று காலமை, பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக வார்க்கும்போது, முதலில் வைக்கவேண்டியது தாய்மாமன். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை. நான் வேறு யாரைக் கடன் வாங்குவது?

மகள் இங்கே பிறந்தவள், ஆங்கிலத்தில்தான் கோபிப்பாள். நான் வேலைக்குப் போன காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைக்கு மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள். அப்போது நாங்களும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“அம்மா, மாமா வராட்டி எனக்கு மண்டபம் வேண்டாம். ரெஜிஸ்டர் ஒபிஸே போதும்.”

அதை நான் இவரிடம் சொன்னது ஒரு அகழிக் கரையில்தான். வேறெங்கு சொன்னாலும் எழும்பிப் போய்விடுவார், அங்கே எழும்பிப் போக இடமில்லை. கேட்டுக்கொண்டு இருந்தார். பாசியில் வாத்து போன வழி கொஞ்ச நேரம் திறந்திருந்து பிறகு மூடிக்கொண்டது. அதைப் பார்த்தபடி அவர் சொன்னது அண்ணையைப் பற்றியோ மகளைப் பற்றியோ இல்லை. இங்கே இருந்தவன் யார், எவன் என்றே ஒருவருக்கும் தெரியாது, பெயர்கூட இல்லை, ஆனால் வெட்டின எல்லை அப்படியே கிடக்கிறது என்றார். அந்தக் காணியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே எங்களுடைய எல்லை எதில் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி இறங்கிவிட்டது. மறு பாதியை வைத்துக்கொண்டு நான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஆனி மாதம் எசெக்ஸ் பக்கம் ஒரு அகழி மேட்டில் நிலத்தைக் கிண்டிப் பார்க்கப் போகிறார்கள், விருப்பமானவர்கள் வந்து உதவலாம் என்று அறிவித்தல் வந்தது. இவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சின்னப் பிள்ளை சுற்றுலா போகிற மாதிரி முதல் நாளே சப்பாத்தைத் துடைத்து வைத்தார். நான் காலமை வரவில்லை, குந்தியிருந்து கிண்ட எனக்கு முழங்கால் நோ, மத்தியானம் ரெயிலில் சாப்பாடு கொண்டு வருகிறேன் என்றேன். காலமை அவர் காரை எடுத்துக்கொண்டு போனதும், சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏறி நேரே அப்டன் பார்க்கில் இறங்கி, அண்ணையின் கதவைத் தட்டினேன். அந்தப் பக்கம் ரெயில் ஓடவில்லை, கொண்டுபோய் விடுங்கோ அண்ணை என்றேன். ரெயில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணை பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உன்ர மனுசன் அங்க நிப்பாரே?”

“நிப்பார். நீங்கள் காருக்குள்ளயே இருங்கோ.”

அண்ணை உள்ளே போய்ச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார். காருக்குள் இருக்கப் போகிறவருக்கு எதற்கு இஸ்திரி போட்ட சேட்டு? எனக்குச் சிரிப்பு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற ஆட்கள் எல்லாம் மரத்துக்குக் கீழே கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அகழியில் தண்ணீர் வற்றிவிட்டது, இடுப்பளவு பள்ளமும் புல்லும்தான். என் மனுசன் சாப்பிடப் போகவில்லை. நடு மேட்டில் தனியாகக் குந்தியிருந்தார். அவருக்கு முன்னால் சின்னச் சின்ன மரக்கட்டைகள் நட்டு, அவற்றில் வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. பெட்டியைத் தூக்க ஏலாது என்று நான் முழங்காலைத் தடவினேன். அண்ணை முணுமுணுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளத்தைத் தாண்டி மேட்டுக்குப் போகிற மண்பாதையின் பாதியில் நின்றுவிட்டார். அதற்கு அங்கால் ஒரு அடி வைக்கமாட்டேன் என்று நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அப்போதுதான் அவருடைய கண் அந்தக் கயிற்றில் பட்டது. ஒரு கண்ணை மூடினார். எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் போதும், அது நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் அவர்களுக்குத் தண்ணீர் இறங்காது.

“நடுக்கட்டை வெளிய நிக்குது,” என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

இவர் தலையைத் தூக்கவில்லை. “ஓம். நானும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நான் இருமினால்கூட இந்தக் கதை நின்றுவிடும் என்று பயம். அண்ணை பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு மேட்டுக்கு நடந்தார். நடுக்கட்டையைப் பிடுங்கினார். இவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கொஞ்சம் உங்கட பக்கம் எடுங்கோ என்றார் அண்ணை. இவ்வளவு காணுமோ என்றார் இவர். இன்னும் கொஞ்சம் எடுங்கோ, பறவாயில்லை என்றார் அண்ணை. என் காதை நானே நம்பவில்லை. ஒரு முழங்கை மண்ணுக்கு உறவை முறித்த இரண்டு பேர், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் காணியில் நின்று, எடுங்கோ எடுங்கோ என்று ஆளுக்காள் உபசாரம் செய்கிறார்கள்! ஒரு கட்டையை மாற்ற அடுத்ததும் பிழையாகத் தெரிந்தது. அதையும் மாற்றினார்கள். கடைசியில் கயிறு வில்லுக்குக் கட்டின நாண் மாதிரி விறைத்து நின்றது.

பழைய குழியை அண்ணை குதிக்காலால் மிதித்து மூடினார். கட்டை மாற்றுகிற எங்கள் ஆட்கள் பழைய குழியைத் திறந்து விட்டு வைப்பதில்லை, அது கைப்பழக்கம். இவர் அதைப் பார்த்தார். குதிக்காலைப் பார்த்தார், பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். ஐயோ, போச்சுது, ஊர்க் கம்பித் தூண் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இவர் எழும்பிப் போய் அடுத்த குழியைத் தானே மிதித்து மூடினார்.

கூடாரத்திலிருந்து அந்த வேலைக்குப் பொறுப்பான பெண் வந்தாள். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும், முழங்கால் வரை சேறு. கயிற்றைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். நிலத்துக்குக் கீழே ஒரு பழைய சுவர் போகிறதாம். காலமை முழுக்க ஒரு நீட்டு இரும்புக் கம்பியை அடிக்கு அடி நிலத்தில் இறக்கி, கல்லில் தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் கட்டை நட்டிருந்தாளாம். சுவர் வளைந்து போகிறது, அதனால்தான் கயிறும் வளைந்து நின்றது. அவள் சத்தம் போடவில்லை. யார் இதை மாற்றியது என்று மட்டும் கேட்டாள்.

நான்தான் என்றார் இவர். அண்ணை முன்னால் வந்து, இல்லை, கட்டையைப் பிடுங்கினது நான், இவர் கயிற்றைத்தான் பிடித்தார் என்றார். இல்லையில்லை, அவர் இப்போதுதான் வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது, பிழை என்னுடையது என்றார் இவர். வயதில் மூத்தவன் நான், நான் சொல்லித்தான் செய்தார் என்றார் அண்ணை. உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். நீதான் நகர்த்தினாய், நீதான் நகர்த்தினாய் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். நான்தான் நகர்த்தினேன், நான்தான் நகர்த்தினேன் என்று அவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டதும் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலேயே இருந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு கோபம் வந்தது, நல்ல கோபம்.

“அது என்ர காணி. ரெண்டு பேரும் இப்பவெண்டாலும் அளந்து முடிச்சிட்டியளோ?”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்காதுதானே, நடந்த பிழைக்காக நான் அழுகிறேன் என்று நினைத்து ஓடி வந்து என் தோளைத் தடவினாள். பயப்பட வேண்டாமாம், மூலைக் கட்டையிலிருந்து எல்லாவற்றுக்கும் அளவு எடுத்து வைத்திருக்கிறாளாம், திரும்ப நட்டுவிடலாமாம். பிறகு அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை இவரிடமும் மறு முனையை அண்ணையிடமும் கொடுத்து, சொல்கிற இடத்தில் அசையாமல் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் வகுப்பில் பிடிபட்ட பெடியன்கள் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் நடுவில் குனிந்து ஒவ்வொரு கட்டையாக நட்டுக்கொண்டு வந்தாள்.

பாதி நட்டிருப்பாள். இவர் தொண்டையைச் செருமினார். நிலத்தைப் பார்த்தபடிதான் கதைத்தார்.

“மச்சான், ஞாயிற்றுக்கிழமை வீட்டில நிப்பியளோ? பிள்ளையின்ர கலியாணம் சொல்ல வாறம்.”

அண்ணை நாடாவில் இருக்கிற இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் அது தெரியாது, கண்ணாடி சேட்டுப் பையில் இருந்தது.

“வாங்கோ,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீங்கள் சொல்ல வராட்டிலும் வந்திருப்பன். மண்டபத்துக்குள்ள இல்லை. ரோட்டுக்கு அங்கால நிண்டு, பிள்ளை காரால இறங்கிறதைப் பாத்திட்டுப் போவம் எண்டு நினைச்சனான்.”

இவருடைய கை திறந்துகொண்டது. நாடா புல்லுக்குள்ளால் சரசரவென்று ஓடி அந்தப் பக்கம் போய்ச் சுருண்டது. இவர் அதை எடுக்கவும் இல்லை, அது போனதைக் கண்டதாகவும் தெரியவில்லை, வெறுங்கையை நீட்டியபடி நின்றார். அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் நாடாவின் நுனியை இழுத்துக்கொண்டு வந்து, அவர் பிடித்த இடத்தில் நின்று பிடித்துக்கொண்டேன்.